வெட்டுக்கிளியா, இரண்டடி ஹாட் டாகா?

அமெரிக்காவில் பேஸ்பால் சீசன் தொடங்கும் முன்பு, அணிகள் வரிசையாகத் தங்கள் மைதானத்தின் புது உணவுப் பட்டியலை வெளியிடும். அன்றைக்கே ரசிகர்களுக்குள் சண்டை ஆரம்பித்துவிடும். "இதையெல்லாம் யார் சாப்பிடுவது?" என்று ஒரு கட்சி. "எத்தனை வருஷத்துக்கு அதே ஹாட் டாக், அதே வேர்க்கடலை?" என்று எதிர்க்கட்சி. இது வெட்டிச் சண்டை என்று நான் நினைக்கவில்லை. சீசனில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள், அதில் 81 சொந்த ஊரில். சீசன் டிக்கெட் எடுத்தவர் வருஷத்தில் பல மாலை வேளைகளில் சாப்பிடும் இடமே மைதானம்தான். அங்கே என்ன கிடைக்கிறது, என்ன விலை, எவ்வளவு நேரம் வரிசையில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஆட்டத்தோடு சேர்ந்த விஷயங்கள்.

புதுப் பண்டங்களில் இரண்டு வகை உண்டு. ஆளை மிரட்டும் அளவில் வருபவை ஒன்று. அந்த ஊரின் உணவகங்களிலிருந்து மைதானத்துக்குள் வருபவை இன்னொன்று. முதல் வகைக்கு டெக்சாஸின் இரண்டடி ஹாட் டாகான பூம்ஸ்டிக்கையும், இரண்டாவதற்கு சியாட்டிலின் வறுத்த வெட்டுக்கிளியையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டுமே வந்த புதிதில் அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்டவை. நான் கேட்பது இரண்டே கேள்விகள். ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இதைச் சாப்பிட முடியுமா? இந்த ஊருக்கு வந்தால்தான் இது கிடைக்குமா?

பூம்ஸ்டிக்கை டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி 2012ல் ஆர்லிங்டன் மைதானத்தில் இறக்கியது. இரண்டடி நீள ஹாட் டாக், அதாவது நீளப் பன்னுக்குள் வைத்த சாசேஜ். எடை ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம். அதன் மேல் சில்லி என்கிற கொத்துக்கறிக் குழம்பு, உருக்கிய சீஸ், வதக்கிய வெங்காயம், ஹலபேனோ மிளகாய். அப்போது விலை 26 டாலர். ரேஞ்சர்ஸ் அணியில் அப்போது ஆடிக்கொண்டிருந்த நெல்சன் குரூஸின் மட்டைக்கு இருந்த செல்லப்பெயர்தான் பூம்ஸ்டிக். அதையே இதற்கும் வைத்தார்கள்.

நல்ல வரவேற்பு கிடைத்தது, மற்ற ஊர்களும் போட்டியில் குதித்தன. அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணி 2014ல் ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரு கார்ன் டாக், அதாவது சோள மாவில் தோய்த்துப் பொரித்த சாசேஜ், செய்து 25 டாலருக்கு விற்றது. சீஸ், பேக்கன், ஹலபேனோ எல்லாம் உள்ளேயே அடைத்தது. ரேஞ்சர்ஸ் தன் பங்குக்கு 2018ல் இரண்டடி நீளத் தமாலேயைக் கொண்டுவந்தது, சோள மாவுக்குள் கறி வைத்து வேகவைக்கும் மெக்சிகன் பண்டம் அது.

பூம்ஸ்டிக் கட்சிக்காரர்கள் சொல்லும் நியாயம் எனக்குப் புரிகிறது. நான்கு பேர் பங்கு போட்டால் தலைக்கு ஆறரை டாலர்தான். மைதானக் கணக்கில் அது அநியாய விலை இல்லை. பிறந்தநாளுக்கு நண்பர்கள் கூட்டமாகப் போனால் வாங்கலாம். ஆனால் அதைச் சாப்பிடுவது பெரிய வேலை. தூக்கிப் பிடிக்கவே இரண்டு கை வேண்டும். இருக்கைக்கு முன்னால் மேஜை கிடையாது. யாராவது மடியில் வைத்துக்கொள்ள, மற்றவர்கள் குனிந்து பிய்த்து எடுக்க வேண்டும். பாதி முடிவதற்குள் பன் ஊறிக் குழைந்துவிடும். குனிந்த தலை நிமிர்வதற்குள் யாராவது ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் மாதிரி) அடித்திருப்பார்கள், நால்வரில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். என் முதல் கேள்வியில் இது தோற்றுவிடுகிறது. இரண்டாவதிலும் அப்படித்தான். சில்லியும் ஹலபேனோவும் டெக்சாஸ் சுவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மக்கள் அதைப் பற்றிப் பேசியது நீளத்துக்காக. நீளத்தை எந்த ஊரும் காப்பியடிக்கலாம், அடித்தும்விட்டார்கள்.

இனி சியாட்டில். மரினர்ஸ் அணி 2017 சீசனுக்கு அறிமுகப்படுத்திய பண்டங்களில் ஒன்று சாபுலினேஸ், அதாவது வறுத்த வெட்டுக்கிளி. மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்தில் காலங்காலமாகச் சாப்பிடுவது. சியாட்டிலில் போகிட்டோஸ் என்ற மெக்சிகன் உணவகம் இதைப் பரிமாறிக்கொண்டிருந்தது, அங்கிருந்துதான் மைதானத்துக்கு வந்தது. எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் உப்பும் போட்டு ஒரு சிறு கோப்பையில் தருவார்கள். அப்போது விலை 4 டாலர்.

முகம் சுளித்தவர்கள்தான் அதிகம். ஆனால் சொந்த மைதானத்தில் நடந்த முதல் மூன்று ஆட்டங்களிலேயே 900 கோப்பைக்கு மேல் விற்று, சரக்கு தீர்ந்துபோனது. கிட்டத்தட்ட 18,000 வெட்டுக்கிளிகள். அந்த உணவகம் ஒரு வருஷம் முழுக்க விற்பதைவிட இது அதிகம் என்று அணித் தரப்பிலேயே சொன்னார்கள். அவசரமாக ஆர்டர் கொடுத்து வரவழைத்தார்கள். கூடவே, ஓர் ஆட்டத்துக்கு 312 கோப்பைதான் என்று கட்டுப்பாடும் வைத்தார்கள். மரினர்ஸுக்காக மட்டுமே 18 சீசன் ஆடிய எட்கர் மார்ட்டினஸின் பேட்டிங் சராசரி .312, அதாவது ஆயிரம் முறை மட்டை பிடித்தால் சுமார் 312 ஹிட்; அதற்கு மரியாதையாக அந்த எண். சியாட்டில் ரசிகர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை எந்த மைதானமும் தந்ததாக எனக்குத் தெரியவில்லை. (பூம்ஸ்டிக்குக்குப் பெயர் கொடுத்த நெல்சன் குரூஸ் அந்த வருஷம் ஆடியது சியாட்டில் அணிக்குத்தான்.)

ருசி எப்படி? நம் கிராமங்களில் மழைக்குப் பிறகு ஈசல் பிடித்து, வறுத்து, பொரியோடு கலந்து கொறிப்பார்களே, அதைச் சாப்பிட்டவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. முதலில் மொறுமொறுப்பு, அப்புறம் புளிப்பும் காரமும், கடைசியில் லேசான கொட்டைச் சுவை. கால்கள் பல்லிடுக்கில் மாட்டும், அது ஒன்றுதான் தொல்லை. வயிறு நிறையாது என்பதும் உண்மை. ஆனால் ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, பந்து வீசும் பிட்சரைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போடலாம். பக்கத்து இருக்கைக்காரர் அறிமுகமில்லாதவராக இருந்தாலும் கோப்பையை நீட்டலாம், மறுத்தாலும் சிரித்துவிட்டுத்தான் மறுப்பார். அதனால்தான் என் ஓட்டு வெட்டுக்கிளிக்கு.

முதல் கேள்வியை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் 2023ல் வந்த பிட்ச் கிளாக். பந்து வீசுபவர் இத்தனை நொடிக்குள் வீச வேண்டும் என்று கட்டாயமானது. 2022ல் சுமார் மூன்று மணி நான்கு நிமிஷம் ஓடிய சராசரி ஆட்டம், அடுத்த சீசனில் இரண்டு மணி நாற்பது நிமிஷத்துக்கு இறங்கியது. ஆட்டத்துக்கு இது நல்லது, நான் வரவேற்கிறேன். ஆனால் வரிசையில் நிற்கிற நேரம் அப்படியே இருக்கிறது. ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; முன்பு வரிசையில் ஓர் இன்னிங்ஸ் போய்விடும் இடத்தில் இப்போது அடுத்ததிலும் கொஞ்சம் போய்விடலாம். வியாபாரிகளுக்கும் இது உறைத்தது. ஏழாவது இன்னிங்ஸோடு பீர் விற்பனையை நிறுத்துவதுதான் பெரும்பாலான மைதானங்களில் வழக்கமாக இருந்தது. அந்த வருஷம் டெக்சாஸ், மில்வாக்கி, மின்னசோட்டா, அரிசோனா அணிகள் அதை எட்டாவது வரை நீட்டின. குடித்தவர்கள் தெளிந்து வண்டி ஓட்டத்தானே அந்த இடைவெளி, ஆட்டம் சுருங்கினால் ஆறாவதிலேயே அல்லவா நிறுத்த வேண்டும் என்று அப்போதைய பிலடெல்பியா பிட்சர் மேட் ஸ்ட்ராம் கேட்டார். சரியான கேள்வி.

வரிசையின் வேகம் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சான்றும் ஆர்லிங்டனிலேயே இருக்கிறது. 1976ல் அங்கிருந்த பழைய மைதானத்தில் சான் அன்டோனியோவைச் சேர்ந்த ஃப்ராங்க் லிபெர்ட்டோ நாச்சோஸை, அதாவது சீஸ் போட்ட சோளச் சிப்ஸை, விற்கத் தொடங்கினார். உணவகத்தில் சீஸைத் துருவிப் போட்டு அடுப்பில் உருக்கித் தருவார்கள். மைதானத்தில் அத்தனை நேரம் யார் காத்திருப்பது? அவர் உருகிய நிலையிலேயே இருக்கும் சீஸ் குழம்பைத் தயாராக வைத்து, சிப்ஸ் மேல் ஊற்றி, மிளகாயைத் தூவி உடனே நீட்டினார். மிளகாய் காரத்தில் குளிர்பானமும் சேர்ந்து விற்றது. இன்று நாச்சோஸ் இல்லாத பேஸ்பால் மைதானத்தைக் கற்பனை செய்யவே முடியாது. அன்றைக்கு அதுவும் புது அயிட்டம்தான். 'பழையதே போதும்' கட்சிக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

மற்ற போட்டியாளர்களில் பூண்டு ஃப்ரைஸைச் சொல்லியே ஆக வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜயன்ட்ஸ் அணியின் பழைய கேண்டில்ஸ்டிக் பார்க் காலத்திலிருந்து வருவது. பூண்டுக்குப் பேர்போன கில்ராய் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது, ஆகவே ஊர்ப் பாசமும் உண்டு. சைவக்காரர்களுக்கு மைதானத்தில் கிடைப்பவற்றில் முதலிடத்தை இதற்கே கொடுப்பேன். கை பிசுபிசுக்கும், வாசனை வீடு வரை வரும், பரவாயில்லை. சியாட்டிலிலும் இது கிடைக்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸில் நிலைமை வேறு. அங்கே டாட்ஜர்ஸ் அணியின் டாட்ஜர் டாகைத் தொட்டால் கலவரம். 1962ல் மைதானம் திறந்த காலத்திலிருந்து இருக்கும் பத்தங்குல ஹாட் டாக் அது. வாட்டித் தர வேண்டுமா, ஆவியில் வேகவைக்க வேண்டுமா என்பதற்கே ரசிகர்கள் பிரிந்து நிற்பார்கள். நான் வாட்டியதன் பக்கம். 2024ல் ஜப்பானிய நட்சத்திர வீரர் ஓட்டானி அந்த அணிக்கு வந்தபோது ஜப்பானியக் கடை ஒன்றின் டாகோயாகி, அதாவது உள்ளே ஆக்டோபஸ் துண்டு வைத்த மாவு உருண்டை, அந்த மைதானத்துக்குள் வந்தது. ஒரு வீரரைத் தொடர்ந்து அவர் நாட்டுச் சாப்பாடும் வருவது சியாட்டிலுக்குப் பழக்கம்தான். சியாட்டிலுக்கு ஆடிய ஜப்பானிய வீரர் இச்சிரோவின் பேரில் அங்கே 'இச்சிரோல்' என்ற சுஷி வெகுநாளாக உண்டு.

இத்தனையும் பேசிவிட்டு விலையைப் பேசாமல் இருக்க முடியாது. புதுப் பட்டியல்களைப் பார்த்துப் பல ரசிகர்களுக்கு வரும் கோபம் உணவின் மேல் இல்லை, விலையின் மேல். பிலடெல்பியாவில் ஒரு டாலர் ஹாட் டாக் இரவுகள் என்று நெடுநாள் வழக்கம் இருந்தது. 2023 ஏப்ரலில் சிலர் ஹாட் டாகை வாரி ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். அடுத்த சீசனுக்கு அணி அதை நிறுத்திவிட்டு, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று மாற்றியது. சிலர் செய்ததற்கு எல்லாரும் விலை கொடுத்தார்கள். அட்லாண்டாவின் மெர்சிடிஸ் பென்ஸ் மைதானம், அது அமெரிக்கக் கால்பந்துக்கானது, 2017ல் இரண்டு டாலர் ஹாட் டாக் என்று திறந்தது. பழைய மைதானத்தைவிட விலை பாதியானது, ஆனால் ஒரு ரசிகர் உணவுக்குச் செலவழித்தது 16 சதவீதம் கூடியது. பேஸ்பால் அணிகள் இரண்டடிச் சமாசாரங்களை யோசிக்கும் நேரத்தை இதில் செலவிடலாம்.

சியாட்டிலில் குறைந்த விலைப் பட்டியல் என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள், சாதா ஹாட் டாக், பாப்கார்ன் மாதிரியானவை அதில் உண்டு. வெளிச் சாப்பாட்டையும் உள்ளே கொண்டுபோகலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு என் யோசனை இது: வயிற்றுக்கு வீட்டிலிருந்து புளியோதரையோ சாண்ட்விச்சோ எடுத்துப் போங்கள். முதல் பந்துக்கு முன்பே ஒரு கோப்பை வெட்டுக்கிளி வாங்கிவிடுங்கள், பிற்பாடு தீர்ந்துபோகலாம். பூண்டு ஃப்ரைஸை நான்காவது இன்னிங்ஸில், நம் அணி பந்து வீசும்போது போய் வாங்குங்கள்.