பத்து மீட்டர் பயிற்சிக் கயிறு: பாலாற்றங்கரையில் பயன்படுத்திப் பார்த்ததில்

வேலூரில் நாய்ப் பொருள்கள் விற்கும் கடைகளில் செயினும் கழுத்துப் பட்டையும் கைப்பிடி பெல்ட்டும் தாராளமாகக் கிடைக்கின்றன. ‘லாங் லைன்’ எனப்படும் பத்து மீட்டர் பயிற்சிக் கயிற்றைக் கேட்டால்தான் கடைக்காரர் யோசிக்கிறார். எனவே அதிகம் அறியப்படாத ஒரு தயாரிப்பை இணையத்தில் ஐந்நூறு ரூபாய்க்குள் வாங்கினேன். கூப்பிட்டவுடன் திரும்பி வர நாயைப் பழக்குவதற்கு இது எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது சிப்பிப்பாறைப் பெண் நாய். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி விரட்டும் வேட்டை இனம் என்பதால், சத்துவாச்சாரிப் பக்கம் வறண்டு கிடக்கும் பாலாற்று மணலில் ஓர் ஆட்டுக்குட்டி துள்ளினாலே போதும், நம் குரல் அதன் காதில் ஏறாது. கூப்பிட்டும் வராமல் ஓடி, விரட்டும் இன்பத்தை ஒருமுறை முழுதாக அனுபவித்துவிட்ட நாய்க்கு அந்த ஓட்டமே பரிசாகிவிடுகிறது. அடுத்த முறை நாம் நீட்டும் ஈரல் துண்டு அதனோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. கயிறு தடுப்பது இந்த அனுபவத்தைத்தான். நாயை இழுத்து வருவதற்காக அது தரப்படவில்லை. ஒருமுறை மட்டும் கூப்பிட வேண்டும். வராவிட்டால் கயிறு மேலும் ஓட விடாமல் நிறுத்தும். நாய் நம் பக்கம் திரும்பிய கணத்திலேயே பாராட்டி, காலடிக்கு வந்ததும் தீனியைக் கொடுத்து, உடனே மறுபடியும் விளையாட விட்டுவிட வேண்டும். கூப்பிடும்போதெல்லாம் செயினை மாட்டி வீட்டுக்கு அழைத்துப் போனால், வருவது நட்டம் என்று எந்த நாயும் விரைவில் கணக்குப் போட்டுவிடும்.

கயிற்றின் தரத்தைப் பொறுத்தவரை தையலில் குறை இல்லை; சுழலும் கொக்கி முறுக்கு விழாமல் பார்த்துக்கொள்கிறது. நைலான் பட்டை இலேசானது, நாய் இழுத்துக்கொண்டு ஓடினாலும் பாரம் தெரிவதில்லை. ஆனால் அதே நைலான் வேகமாக உருவிக்கொண்டு போகும்போது உள்ளங்கையைச் சுட்டுவிடும் என்பதால் துணிக் கையுறை அவசியம். கையில் சுற்றிப் பிடிப்பது ஆபத்து. தரையில் விட்டு, தேவைப்படும்போது செருப்பால் மிதித்து நிறுத்துவதே நல்லது. கழுத்துப் பட்டையில் இதை ஒருபோதும் மாட்டக் கூடாது. பத்து மீட்டர் தொலைவை முழு வேகத்தில் கடந்து ஓடும் நாய் கயிற்றின் முடிவை எட்டும்போது ஏற்படும் அதிர்ச்சி முழுவதும் தொண்டையில் இறங்கும்; மார்பைச் சுற்றி அணியும் ஹார்னஸின் முதுகு வளையமே சரியான இடம். ஆகவே ஹார்னஸ் இல்லாதவர்கள் அதன் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இரண்டு குறைகள் உண்டு. எனக்கு வந்தது பச்சை நிறக் கயிறு. புல்லுக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாமல் நாமே தடுக்கி விழ நேரும். முனையிலுள்ள கைப்பிடி வளையம் கரையோரச் சீமைக்கருவேலங் குச்சிகளில் மாட்டிக்கொள்கிறது என்பதால் அதை வெட்டியெறிந்து, முனையை நெருப்பில் காட்டி உருக்கிவிட்டேன். ஒட்டிக்கொள்ளும் நெருஞ்சி முள்ளுக்குத் தயாரிப்பாளரைக் குறை சொல்ல முடியாது. தெருநாய்கள் சூழும் சந்துகளில் இந்தக் கயிறு சிக்கலைத்தான் கூட்டும். ஆற்றுக்குப் போகும் வழியில் குட்டையான பெல்ட்டே போதும்.

தானாகவே உள்ளிழுத்துக்கொள்ளும் சுருள் கயிற்றை இதற்கு மாற்றாகச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அதன் சுருள்வில் எப்போதும் ஒரு விறைப்பை வைத்திருப்பதால், இழுத்தால் தூரம் கிடைக்கும் என்பதையே நாய் கற்கிறது. திரும்பி வரப் பழக்குவதற்கு அது உதவாது.

கயிற்றோடு ஆக்மி 210.5 என்ற நாய்ப் பயிற்சி விசிலையும் வாங்கினேன். எங்கள் வீட்டில் பாட்டி ஒரு விதமாகவும் தம்பி வேறு விதமாகவும் அழைப்பார்கள். அவசரத்தில் குரலில் கோபமும் ஏறிவிடும். விசிலை யார் ஊதினாலும் ஒரே ஒலி, அதில் கோபம் தெரியாது. மனிதக் காதுக்கு எட்டாத ஒலி தரும் விசில்களும் உள்ளன. நாய்க்கு ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நமக்கோ 20,000 வரைதான். எனவே ஊதியது ஒலித்ததா என்பதே ஊதியவருக்குத் தெரியாமல் போகலாம்.

கோடையில் காலை ஒன்பது மணிக்குள் ஆற்று மணல் பாதத்தைச் சுடத் தொடங்கிவிடுகிறது. விடிந்ததும் கொஞ்ச நேரம் பழக்குவதே உசிதம். வீட்டு முற்றத்திலும் மொட்டை மாடியிலும் தவறாமல் வரும் நாயைத்தான் ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டும்.

விலை குறைவாக இருப்பதன் பெரிய நன்மை, பழக்கம் வலுக்க வலுக்க மனம் கூசாமல் கயிற்றை வெட்டிக் குறைக்கலாம் என்பது. முழுக் கயிற்றையும் ஒரே நாளில் கழற்றிவிட்டால் அந்த வேறுபாட்டை நாய் உணர்ந்துகொள்ளும். சிறிது சிறிதாகக் குறைத்தால் உணர்வதில்லை. எங்கள் நாய் இப்போது ஒரு சிறு துண்டை மட்டும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஆட்டு மந்தை மேயும் விருதம்பட்டுக் கரைக்கு மட்டும் முழு நீளம் இன்னும் தேவைப்படுகிறது. அதற்காக அதே கயிற்றை ஆரஞ்சு நிறத்தில் இன்னொன்று வாங்கியிருக்கிறேன்.