கடற்பாறைக்கு எந்த வண்ணம்? முதலில் சுவரைப் பாருங்கள்

கடலோரப் பாறைகளை வரையக் கிளம்பும்போது நீர்வண்ணமா, எண்ணெய் வண்ணமா, அக்ரிலிக்கா என்று மண்டையைக் குடைந்துகொள்வோம். படம் எந்தச் சுவரில் தொங்கப்போகிறது என்பது கடைசியில்தான் நினைவுக்கு வரும். எனக்கு ஒரு படம் வெளுத்த பிறகுதான் புத்தி வந்தது.

பாறைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் வரை நீர்வண்ணத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் சொரசொரப்பான, கனத்த (300 ஜிஎஸ்எம்) தாளில் ஈரத்தோடு கலக்கவிடுங்கள். நீலத் துகள்கள் தாளின் குழிகளுக்குள் போய்ப் படியும். கல்லின் பொரிந்த தோல் பாதி தானாகவே வந்துவிடும். ஈரம் குறைந்த தூரிகையைப் படுக்கவைத்து ஒரே இழுப்பு, பாறையில் அப்பிய கொட்டலசுக் (கல்லில் ஒட்டி வாழும் சின்ன ஓட்டுயிர்) கூட்டம் தயார். மூட்டையும் சின்னது, தண்ணீர் ஏறினால் அள்ளிக்கொண்டு ஓடலாம்.

ஓடத் தெரிய வேண்டும். 1885 நவம்பரில் பிரான்ஸின் எத்ரெதா கடற்கரையில், பாறை வளைவடியில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்த பிரெஞ்சு ஓவியர் மோனே, கடல் ஏறும் நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டார். அலை அவரைப் பாறையோடு மோதி இழுத்தது. படம் தாங்கும் சட்டமும் கேன்வாஸும் கடலோடு போயின.

எண்ணெயின் பலம் கனம். கத்தியால் வண்ணத்தை அப்பி வெட்டினால், உடைந்த கல்லின் முகம் அப்படியே நிற்கும். ஆறவிட்டு மறுநாள் வந்து திருத்தலாம். ஆனால் காயாத கேன்வாஸில் மணல் ஒட்டும். மோனே 1870இல் த்ரூவீல் கடற்கரையில் வரைந்த ஒரு படத்தில் மணல் துகள்கள் இன்றும் வண்ணத்துக்குள் இருக்கின்றன. வழக்கமான வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். கண்காட்சித் தேதி நெருங்கும்போது அந்தப் பொறுமைக்கு எங்கே போவது?

அக்ரிலிக் கடற்கரையில் ஒரு தொல்லை. காற்றடித்தால் வண்ணம் குழைக்கும் தட்டிலேயே தோல் கட்டிவிடும். காய்ந்ததும் ஒரு படி கருக்கும். நனைந்த பாறையின் நிறத்தைச் சரியாகப் பிடித்துவிட்டோம் என்று எழுந்தால், கொஞ்ச நேரத்தில் கரி பூசியது போலிருக்கும். (நீர்வண்ணம் நேர் எதிர், காய்ந்தால் வெளிறும்.)

கணக்கு தலைகீழாவது சுவருக்கு வந்த பிறகு. அருங்காட்சியகங்களில் நீர்வண்ணப் படத்துக்குச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளிதான் தருவார்கள், எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை. நூலகத்தின் வாசிப்பறை விளக்கே இதையெல்லாம் தாண்டிவிடும். என் படம் தொங்கியது அப்படியொரு அறையில், ஜன்னலுக்கு எதிரே. பாறைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அல்ட்ராமரினும் சியன்னாவும் ஒளியைத் தாங்குபவை. அந்திவானத்தில் பூசிய அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்புதான் காணாமல் போயிற்று. சூரியன் மறைந்த படம், நடுப்பகல் மேகமூட்டம் போல ஆகிவிட்டது.

இன்னொரு சங்கடம் கண்ணாடி. நீர்வண்ணத்துக்குக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். கருத்த பாறைப் படத்துக்கு முன்னால் அது முகம் பார்க்கும் கண்ணாடிதான். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் டியூப்லைட்டையும் நடந்துபோகிறவர்களையும் பார்க்கலாம், பாறையைத் தேட வேண்டும். எண்ணெய்க்கும் அக்ரிலிக்குக்கும் வார்னிஷ் போதும். அதிலும் மேட் வார்னிஷ், பளபளப்பு வேண்டாம். உணவகமென்றால் அடுக்களை ஆவிக்கும் பிசுக்குக்கும் தள்ளி இடம் கேளுங்கள். திறந்தவெளிக்கு மூலப்படத்தை அனுப்பவே அனுப்பாதீர்கள். அலுமினியத் தகட்டில் அச்செடுத்து வையுங்கள்.

ஆகவே இப்போது என் வழக்கம்: கரையில் நீர்வண்ணக் குறிப்பு, வீட்டில் அதைப் பார்த்துப் பலகையில் அக்ரிலிக். காவலும் அளவான வெளிச்சமும் உள்ள கூடம் கிடைத்தால் மட்டும் எண்ணெய்.

வெளுத்த படம் இருந்த அதே இடத்தில் இன்று அக்ரிலிக் பாறை தொங்குகிறது. கொட்டலசுகளைக் கனமாக வைத்துவிட்டேன். பிள்ளைகள் தடவிப் பார்க்கிறார்கள். போன தடவை போனபோது அந்த இடம் மட்டும் விரல் அழுக்கில் மினுங்கியது. ஈரத்துணியால் லேசாக ஒற்றினேன், போய்விட்டது.