ஃபைபரும் 4ஜியும் ஒரே பெட்டியில்: இஆர்605 வாங்கிய கதை

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, இணைய லைவில் விற்க மயில்கழுத்து நிறச் சேலை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் தனியாகப் பேசியிருக்கிறேன். இணைய லைன் போனது எனக்குத் தெரியாது. கிள்ளானில் இருக்கும் வாடிக்கைக்காரர் ஒருவர் போன் போட்டு, "அக்கா, ரொம்ப நேரமா சிலை மாதிரி நிக்கிறீங்க, முந்தானையாவது காட்டுங்க" என்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அன்று எடுத்து வைத்த 60 சேலையில் 11தான் விலை போயிற்று.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டின் லிந்தாங் சாலைப் பக்கம். எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) வரும் ஃபைபர் வயர், சாலையைக் குறுக்காகக் கடந்து தாழ்வாகத் தொங்குகிறது. செம்பனைக் குலையை உச்சி வரை ஏற்றிக்கொண்டு வரும் லோரி ஏதாவது அதை இழுத்துக்கொண்டு போய்விடும். (என் வீட்டுக்காரரும் மில்லுக்குக் குலை ஓட்டுகிறவர்தான். அன்றைக்கு அவர் லோரி இல்லை, கேட்டுவிட்டேன்.) ஒட்டுப்போட ஆள் வர இரண்டு நாள் ஆகும், ஒருமுறை ஐந்து நாள் ஆனது. ஆகவே 4ஜி சிம் மோடம் ஒன்றை வேறு கம்பெனியில் எடுத்தேன். இரண்டையும் சேர்த்துக் கட்ட டிபி-லிங்க் இஆர்605 ரௌட்டரை 219 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன்.

பெட்டி சின்னது, இரும்பு உடம்பு. உள்ளே காற்றாடி இல்லாததால் சத்தமே வராது. பின்னால் ஐந்து வயர் துளைகள். ஒன்று வெளியிலிருந்து வரும் இணையத்துக்கென்றே உள்ளது. அதை வான் போர்ட் என்கிறார்கள், ஆகாயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இன்னும் சில துளைகளை நாமே வான் போர்ட்டாக மாற்றிக்கொள்ளலாம். வைஃபை கிடையாது. பழைய வைஃபை ரௌட்டரைத் தூக்கிப் போடாமல் இதற்குப் பின்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

பெட்டியைப் பார்த்ததும் வீட்டுக்காரர், "ஃபைபர் வேகம் நூறு, 4ஜி முப்பது, சேர்த்தால் நூற்று முப்பது, அப்படித்தானே?" என்றார். நானும் அப்படி நம்பித்தான் வாங்கினேன். அப்படி இல்லை. இரண்டு லோரி வைத்திருந்தால் ஒரு நாளில் கூடுதல் குலை மில்லுக்குப் போகும், ஆனால் எந்த லோரியும் முன்பைவிட வேகமாக ஓடாது. இதுவும் அதே கணக்குதான். பையன் ஏதோ டவுன்லோட் செய்வது ஃபைபரில் போகும், மகள் பார்க்கும் வீடியோ 4ஜியில் போகும். என் சேலை லைவ் ஒரே இணைப்பு, ஆகவே ஒரே லோரி. உண்மையிலேயே இரண்டையும் ஒன்றாக ஒட்ட வேண்டுமென்றால், பிரித்து அனுப்பியதை எதிர்முனையில் சேர்த்துக்கொடுக்க நடுவில் ஒரு சர்வர் வேண்டும். ஸ்பீடிஃபை மாதிரி சேவைகள் செய்வது அதைத்தான். மாதாமாதம் இன்னொரு பில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

அமைக்கும்போது ஒரு ராத்திரி முழுக்கப் போனது. இஆர்605க்கு வாங்கும்போதே இருக்கும் நெட்வொர்க் முகவரி 192.168.0.1. என் ஃபைபர் ரௌட்டருக்கும் அதே முகவரி. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? புதுப் பெட்டியின் முகவரியை 192.168.50.1 என்று மாற்றியதும் சரியாயிற்று.

அடுத்தது வேகம். ஒவ்வொரு லைனுக்கும் உள்ள வேகத்தை நாமே கிலோபிட் கணக்கில் எழுத வேண்டும், 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்றால் 100000. இதை விட்டுவிட்டால் பெட்டி இரண்டு லைனையும் சமமாக நினைத்து, பாவம் 4ஜி தலையிலும் பாதிச் சுமையை ஏற்றும். அப்புறம் வங்கிக் கணக்கு. உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் வெளியே தள்ளியது, ஏனென்றால் ஒரே ஆள் இரண்டு முகவரியிலிருந்து வருவதுபோல் வங்கிக்குத் தெரியும். சுமையை இரண்டு லைனுக்கும் பங்கிடும் 'லோட் பேலன்சிங்' அமைப்புப் பக்கத்தில் 'அப்ளிகேஷன் ஆப்டிமைஸ்ட் ரூட்டிங்' என்று ஒன்று இருக்கிறது. அதை டிக் செய்தால் ஒரு தளத்துக்குப் போகும் போக்குவரத்து ஒரே லைனில் நிற்கும். எனக்கு அதன் பிறகு தொல்லை இல்லை.

இதில் எல்லோரும் தவறவிடும் இடம், லைன் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் 'ஆன்லைன் டிடெக்ஷன்'. சாலையில் வயர் அறுந்தாலும் வீட்டுக்குள் மோடத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள கேபிள் நன்றாகத்தான் இருக்கும், விளக்கும் பச்சையாக எரியும். விளக்கை நம்பினால் மோசம் போவோம். அந்த டிடெக்ஷனை மேனுவலில் வைத்து, வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சின்னச் செய்தி) போகிறதா என்று பார்க்கச் சொன்னேன். பதில் வராவிட்டால் அந்த லைன் செத்தது என்று பெட்டி முடிவு கட்டும்.

ஒன்பதாவது நாளில் சிம் கோட்டா தீர்ந்தது. லோட் பேலன்சிங்கை நிறுத்திவிட்டு, ஃபைபர் விழுந்தால் மட்டும் 4ஜி எழும்படி 'லிங்க் பேக்கப்'பில் போட்டேன். சேர்ப்பதற்காக வாங்கியதைச் சேர்க்காமலே வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் இன்னும் கேலி செய்கிறார்.

செய்யட்டும். லைவ் நடுவில் நானே ஃபைபர் மோடத்தின் பின்னால் இருக்கும் ஃபைபர் வயரைக் கழற்றிப் பார்த்தேன். படம் உறைந்தது, இருபதுக்கு மேல் எண்ணினேன், பிறகு செயலி தானாக ஒட்டிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் மூன்று பேர்தான் ஓடிப்போனார்கள். வாட்ஸ்அப் அழைப்பாக இருந்தால் அறுந்திருக்கும், மறுபடி போட வேண்டியதுதான். மோடத்தை மாடி ஜன்னலில், டவரைப் பார்க்க வைத்த பிறகு 4ஜியில் அப்லோட் 8 எம்பிபிஎஸ் கிடைக்கிறது. சேலையின் ஜரிகை தெரிய அது போதும்.

கரண்ட் போனால் இரண்டு லைனும் சேர்ந்துதான் சாகும். மோடம்களுக்கும் பெட்டிக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று தனியாக வாங்கினேன். 4ஜி டவரும் ஊருக்கு வெளியே பேச பெரும்பாலும் ஃபைபரைத்தான் நம்பியிருக்கிறது, அதனால் பெரிய வெட்டு விழுந்தால் இரண்டும் போகலாம். எனக்கு ஒருமுறை போனது. அன்றைக்குச் சேலையை மடித்து வைத்துவிட்டுத் தோசை சுட்டேன்.

வேகம் கூடும் என்று நினைத்து யாரும் இதை வாங்க வேண்டாம், அந்தக் காசுக்கு ஃபைபர் பிளானை உயர்த்திக்கொள்ளுங்கள். என்னை மாதிரி லைனை நம்பிப் பிழைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

கடைசியாக ஒரு அமைப்பு. ஹாலில் இருக்கும் டிவியை, எது எந்த லைனில் போக வேண்டும் என்று சொல்லும் 'பாலிசி ரூட்டிங்'கில் ஃபைபர் மட்டும் என்று கட்டிவைத்திருக்கிறேன், இல்லையென்றால் ஃபைபர் போகும் நாளில் சீரியலே சிம்மைத் தின்றுவிடும். இப்போது வயர் அறுந்தால் வீட்டில் முதலில் கண்டுபிடிப்பது என் மாமியார்தான். "ஏம்மா, உன் சேலை மட்டும் ஓடுது, என் சீரியல் நின்னு போச்சு, அது என்ன கணக்கு?" என்று போன வாரமும் கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை.