மிட்டவுனில் பவுண்டுக் கணக்கில் சாப்பாடு வாங்குகிறீர்களா? தராசைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

நியூயார்க் மிட்டவுன் பக்கம் வேலைக்குப் போகிற நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜெர்சி சிட்டியில் பாத் ரயில் ஏறி 33ஆம் தெருவில் இறங்குகிற கூட்டத்தில் நம் முகங்கள் நிறைய உண்டு. மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வராத நாளில் அவர்கள் போய் நிற்கிற இடம், பெரும்பாலும் 'பவுண்டுக்கு இவ்வளவு' என்று எழுதிப் போட்டிருக்கும் டெலியாகத்தான் (தயார் உணவு விற்கும் கடை) இருக்கும். எங்கள் அலுவலகத்துக்கு அருகில் உள்ள அப்படி ஒரு கடையில் ஒரே பில்லில் மூன்று விதமாகப் பணம் பிடுங்கினார்கள். டப்பாவின் எடைக்கும் சாப்பாட்டு விலை வாங்கினார்கள். சன்னலில் ஒரு விலை எழுதிவிட்டு மெஷினில் வேறு விலை போட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு கார்டுக்கென்று தனியாக ஒரு தொகை ஏற்றினார்கள். கடையின் பெயரைப் போடப்போவதில்லை. போட்டாலும் அதனால் பெரிய பயன் இல்லை. இதே வேலையை எந்தக் கடையும் செய்யலாம், கண்டுபிடிக்கும் வழியும் ஒன்றுதான்.

இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: கடையின் நடுவில் நீளமாக ஒரு மேடை. ஒரு பக்கம் ஆவியில் சூடாக இருக்கும் தட்டுகள், இன்னொரு பக்கம் பனிக்கட்டிமேல் சாலட், பழம், தயிர். டப்பாவை எடுத்து வேண்டியதை வேண்டிய அளவு நீங்களே போட்டுக்கொண்டு கவுண்டரில் வைத்தால் எடை போட்டுப் பணம் வாங்குவார்கள். 1980களில் கொரியாவிலிருந்து குடியேறியவர்கள் நடத்திய காய்கறிக் கடைகள் மூலமாகத்தான் இந்தப் பழக்கம் மன்ஹாட்டனில் பரவியது. நல்ல ஏற்பாடு, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சோறு கொஞ்சம், காய் கொஞ்சம், பருப்பு மாதிரி ஏதோ ஒன்று என்று நம் நாக்குக்கு ஒத்துவருகிற மாதிரி எடுத்துக்கொள்ள இதைவிட வசதியான இடம் அந்தப் பக்கத்தில் கிடையாது. அதனால்தான் நானும் அங்கே வாடிக்கையாகப் போய்க்கொண்டிருந்தேன்.

என்னோடு வேலை செய்யும் திருநெல்வேலி அண்ணன் ஒருவர் இருக்கிறார். பில்லைப் படிக்காமல் பணம் கொடுக்காத மனிதர். ஊரில் இனிப்புக் கடைக்குப் போனால் அட்டைப்பெட்டியை முதலில் தராசில் வைத்து, முள்ளைச் சைபருக்குக் கொண்டுவந்த பிறகுதான் அல்வாவைப் போடவிடுவாராம். என் தோளுக்குப் பின்னால் நின்று நான் வாங்கிய பில்லை எட்டிப் பார்த்தவர், "தம்பி, ஒன்னேகால் பவுண்டுகூட இருக்காதே இது. 1.33னு போட்டிருக்கான்? டப்பாவையும் சேர்த்துத்தான் திங்கப் போறியா?" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கவுண்டரில் எடை காட்டும் திரை முழுக்க முழுக்க காசாளர் பக்கம் திரும்பியிருந்தது. எங்கள் பக்கம் இருக்க வேண்டிய சின்னத் திரைக்கு முன்னால் சூயிங்கம், சாக்லேட் அடுக்கிய கம்பித் தட்டு. எட்டிப் பார்த்தால்கூட எண் தெரியாது. அண்ணன் மேடைக்குப் போய்க் காலி டப்பா ஒன்றை எடுத்து வந்து, இதை மட்டும் எடை போடுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவள் கொஞ்சம் தயங்கினாள். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. வாங்கி வைத்தாள். கம்பித் தட்டை நகர்த்திவிட்டுப் பார்த்தோம்: 0.10 பவுண்டு.

கரும்புச் சக்கையில் செய்த, மூடியோடு சேர்ந்த கெட்டி டப்பா அது. சுமார் 45 கிராம். முன்பெல்லாம் வரும் தெர்மோகோல் டப்பா ஊதினால் பறக்கும்; 2019இல் நகரத்தில் அதைத் தடை செய்த பிறகு இந்தக் கனமான டப்பாக்கள் வந்துவிட்டன. சுற்றுச்சூழலுக்கு நல்லது, சரி. ஆனால் டப்பா கனமாக ஆக, அதன் எடையைக் கழிக்காத கடைக்கு லாபமும் கூடிக்கொண்டே போகிறது.

தராசு மெஷினில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. 'டேர்' என்பார்கள். டப்பாவின் எடையை ஒருமுறை பதிந்துவைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் அது தானாகக் கழித்துக்கொண்டு சாப்பாட்டுக்கு மட்டும் விலை போடும். டேர் போட்ட தராசின்மேல் எதுவும் இல்லாதபோது எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி தெரியும். காலி டப்பாவை வைத்தால் சைபர். அவ்வளவுதான் விஷயம். எடைக்கு விற்கும் எந்தப் பொருளுக்கும் பொதியின் எடையைக் கழித்துத்தான் விலை வாங்க வேண்டும் என்பது இங்கே சட்டம். கடைக்காரர் மனசு வைத்துச் செய்யும் சலுகை இல்லை. எங்கள் குழுவில் இருக்கும் பிரேசிலின் சாவ் பாவ்லோக்காரர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் ஊரில் அலுவலகம் போகிறவர்களின் மதியச் சாப்பாடே 'போர் கீலோ' (கிலோவுக்கு இவ்வளவு) கடைகளில்தான். அங்கே பீங்கான் தட்டு. அதன் எடையைக் கழிக்காவிட்டால் வாங்குகிறவர் கடையையே புரட்டிவிடுவார் என்றார்.

மேலாளர் வந்தார். நான் கோபப்படவில்லை, உண்மையில் எனக்கு ஒரு டாலர் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. அவர் சொன்ன பதில்தான் என்னை இதை எழுதவைத்தது. "டப்பா எங்களுக்கு மட்டும் சும்மாவா வருகிறது?" என்றார். அப்படியென்றால் டப்பாவுக்கு இத்தனை சென்ட் என்று தனியாக எழுதி ஒட்டுங்கள், சாப்பாட்டுத் தராசில் ஏன் வைக்கிறீர்கள் என்று கேட்டேன். "மெஷின் அப்படித்தான் செட் பண்ணியிருக்கிறது." யார் செட் பண்ணினது என்று அண்ணன் தமிழிலேயே கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை. கல்லாவைத் திறந்து ஒரு டாலர் நோட்டை எடுத்து நீட்டினார். வரிசையில் நின்ற மற்றவர்களுக்கு? அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

வெளியே வந்து பில்லை ஒழுங்காகப் படித்தபோதுதான் மற்ற இரண்டும் தெரிந்தன. சன்னலில் கொட்டை எழுத்தில் பவுண்டு 10.99 டாலர். பில்லில் 11.99. மேடைமேல் தொங்கும் பலகையிலும் 10.99தான், அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். கடைசி வரியில் 3.5% கார்டுக் கட்டணம். அதைப் பற்றிக் கடையில் எங்கும் ஒரு சீட்டுகூட இல்லை.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். அவர்கள் கணக்கு: 1.33 பவுண்டு, 11.99 வீதம் 15.95 டாலர். நியூயார்க் நகர விற்பனை வரி 8.875%, அது 1.42. மொத்தம் 17.37. அதன்மேல் கார்டுக் கட்டணம் 61 சென்ட். ஆக 17.98. நியாயமான கணக்கு: 1.23 பவுண்டு, 10.99 வீதம் 13.52. வரி 1.20. மொத்தம் 14.72. வித்தியாசம் 3 டாலர் 26 சென்ட். ஒரு மாதத்தில் 20 வேலை நாள் என்றால் 65 டாலர். வரியைக் குறை சொல்லாதீர்கள், சமைத்த சாப்பாட்டுக்கு அது உண்டு. ஆனால் டப்பாவின் எடைக்கும், ஏற்றிய விலைக்கும் சேர்த்து வரி கட்டியிருக்கிறேன் என்பதையும் கவனியுங்கள்.

கார்டு விஷயத்தில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் கிரெடிட் கார்டுக்குக் கூடுதலாக வாங்குவதற்குத் தடை இல்லை. ஆனால் 2024 பிப்ரவரி 11 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, கார்டில் கொடுத்தால் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை டாலர் கணக்கில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். கார்டு நிறுவனம் கடையிடம் பிடிக்கும் தொகைக்கு மேல் ஒரு சென்ட் வாங்கக் கூடாது. '3.5% கூடுதல்' என்று சுவரில் ஒட்டினால்கூடப் போதாது. இங்கே அதுகூட ஒட்டவில்லை.

இதெல்லாம் சின்னக் கடைகளின் சில்லறை வேலை என்று நினைக்க வேண்டாம். ஹோல் ஃபுட்ஸ் தெரியும் அல்லவா, அந்தப் பெரிய சங்கிலிக் கடை, 2014இல் கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய 8 லட்சம் டாலர் கொடுத்து ஒரு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அதில் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, சாலட் பாரிலும் சூடான உணவு மேடையிலும் டப்பாவின் எடையைக் கழிக்காமல் பணம் வாங்கியது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் பொதியில் எழுதிய எடையும் உள்ளே இருந்த எடையும் ஒத்துப்போகவில்லை என்று நகர நுகர்வோர் துறை பிடித்தது. அதற்கு 5 லட்சம் டாலர். அங்கெல்லாம் கேட்க அரசு அதிகாரிகள் இருந்தார்கள். நம் மதியச் சாப்பாட்டு வரிசையில் கேட்பதற்கு நாம்தான் இருக்கிறோம்.

தராசைச் சோதிக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். அதே கடையில் விற்கும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் தராசில் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் மட்டும் 1.10 பவுண்டு, பாட்டிலோடு சேர்த்து 1.12 பக்கம் காட்ட வேண்டும். 1.20ஐத் தாண்டினால் டப்பா மட்டும் பிரச்சினை இல்லை, தராசிலேயே கோளாறு. இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: இந்த நாட்டு 5 சென்ட் நாணயம் ஒவ்வொன்றும் சரியாக 5 கிராம். வங்கியில் தரும் 40 நாணய உருளை, சுற்றிய காகிதத்தை விட்டுவிட்டால், 200 கிராம், அதாவது 0.44 பவுண்டு. அண்ணன் அடுத்த நாள் அதையும் சட்டைப் பையில் கொண்டுவந்தார், நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். தராசுமேல் நகராட்சி ஆய்வாளர் ஒட்டிய வில்லை இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

சைவக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தக் கடையில் 'வெஜிடபிள்' என்று சீட்டு வைத்த பீன்ஸில் பன்றி இறைச்சித் துணுக்கு கிடந்தது. அதைக் கேட்டால், சுவைக்காகப் போடுவது என்கிறார்கள். கோழித் தட்டில் இருந்த கிடுக்கியை டோஃபு தட்டில் போட்டுவிட்டுப் போகிறவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அது வாங்க வருகிறவர்கள் செய்யும் வேலை, கடையை முழுதாகக் குறை சொல்ல முடியாது. சூடு விஷயம் வேறு. நகரச் சுகாதார விதிப்படி சூடான உணவு 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல், குளிர்ந்தது 41க்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். இரண்டு மணிக்குப் பிறகு இங்கே எடுத்த சோறு கை பொறுக்கிற சூட்டில்கூட இல்லை. ஆவி வராத தட்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள்.

புகார் கொடுப்பது நான் பயந்த அளவுக்குச் சிரமமாக இல்லை. நகரத்தின் உதவி எண்ணான 311க்கு ஃபோன் செய்யலாம், அல்லது அதன் இணையதளத்திலேயே எழுதலாம். நுகர்வோர் மற்றும் தொழிலாளர் பாதுகாப்புத் துறைக்குப் போகும். விசா நிலையையெல்லாம் யாரும் கேட்கவில்லை. எச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் பலர் அந்தப் பயத்தில்தான் வாயைத் திறப்பதில்லை. பில், சன்னல் விலை, காலி டப்பா தராசில் இருக்கும்போது தெரிந்த எண், மூன்றின் போட்டோவையும் சேர்த்து அனுப்பினேன். பில்லை உடனே போட்டோ எடுத்துவிடுங்கள், வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாளில் எழுத்து சில வாரங்களிலேயே மங்கிவிடுகிறது.

பிறகு என்ன ஆனது என்றால், சாக்லேட் தட்டு இடம் மாறிவிட்டது. எண் இப்போது நம் பக்கமும் தெரிகிறது. கார்டுக் கட்டணம் பில்லிலிருந்து போய்விட்டது. சன்னல் விலையும் மெஷின் விலையும் ஒன்றாகிவிட்டன, சன்னலில் 11.99 என்று புதுத் தாள் ஒட்டி. டப்பா மட்டும் அரைகுறை. கழிக்கச் சொல்லிக் கேட்டால் காசாளர் ஒரு பொத்தானை அழுத்திக் கழிக்கிறார். கேட்காதவர்களுக்கு அழுத்துவதில்லை. போன வாரம் அண்ணன் காப்பி வாங்கப் போனபோது அவருக்கு முன்னால் நின்ற மூன்று பேருக்கும் அழுத்தவில்லை என்று வந்து சொன்னார். இரண்டாவது புகாரை அவரே எழுதிக்கொண்டிருக்கிறார்.