மாஸ்க் மாட்டி நடக்கும் வி.ஓ.2 மேக்ஸ் டெஸ்ட்: பணம் கொடுத்து எடுக்கலாமா?

உச்சமாக உழைக்கும்போது உடம்பு எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளக்கும் வி.ஓ.2 மேக்ஸ் டெஸ்ட்டை சென்னையில் ஒரு விளையாட்டு மருத்துவ மையத்தில் எடுத்தேன். எடை குறைக்கத் தொடங்கும் முன் ஒரு தடவை, எட்டு கிலோ குறைந்த பிறகு ஒரு தடவை. வயது 46, பள்ளி ஆசிரியை. விளையாட்டு வீரர்களுக்குத்தானே இதெல்லாம் என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள். சர்க்கரை வரலாம் என்று டாக்டர் எச்சரித்திருக்கிற என்னைப் போன்றவர்களுக்குத்தான் இது ரொம்ப உபயோகம் என்பேன். ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் பார்ப்பது என்று மட்டும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

மார்பில் இ.சி.ஜி. ஒட்டுகள், கையில் பிரஷர் பட்டை, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ரப்பர் மாஸ்க். உள்ளே இழுக்கும் ஆக்ஸிஜனில் உடம்பு எவ்வளவு எடுத்துக்கொள்கிறது, எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது என்று மூச்சுக்கு மூச்சு மெஷின் அளக்கும். எனக்கு வைத்தது புரூஸ் முறை. மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம் என்று டிரெட்மில் மெதுவாகத்தான் தொடங்கும். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகமும் கூடும், ஏற்றமும் கூடும். மூன்றாவது கட்டத்தில் வேகம் 5.5, ஏற்றம் 14 சதவீதம். அங்கே கெண்டைக்கால் எரிய ஆரம்பிக்கும்.

மாஸ்க்குக்குள் பேச முடியாது. அதனால் 6 முதல் 20 வரை எண் போட்ட அட்டையை நீட்டுகிறார்கள்; எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கிய அளவுகோல் அது. நான் 17-ஐத் தொட்டபோது பக்கத்தில் நின்ற பெண், "இன்னும் கொஞ்சம் மேடம், முடியும். கம்பியை மட்டும் பிடிக்காதீங்க" என்றார். அந்தக் குரலுக்கே தனியாக ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

கம்பி சமாச்சாரம் சின்ன விஷயம் இல்லை. ஆஸ்பத்திரியில் எடுக்கும் சாதாரண டிரெட்மில் டெஸ்ட்டில் (டி.எம்.டி.) மூச்சை அளப்பதில்லை. எத்தனை நிமிஷம் தாக்குப்பிடித்தோம் என்பதை வைத்துத்தான் தெம்பைக் கணக்குப் போடுகிறார்கள். கம்பியைப் பிடித்துத் தொங்கினால் நேரம் நீளும், இல்லாத தெம்பு இருப்பதாக ரிப்போர்ட் வரும். மூச்சையே அளக்கும்போது அப்படி நடக்க வழி குறைவு. கூடுதலாகக் கொடுக்கும் பணம் இதற்குத்தான்.

இப்போது எண்களுக்கு வருகிறேன். வி.ஓ.2 மேக்ஸ் என்பது உச்ச உழைப்பில் உடம்பு ஒரு நிமிஷத்தில் பயன்படுத்தும் ஆக்ஸிஜன். அதை எடையால் வகுத்து, கிலோவுக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று தருவார்கள். முதல் தடவை என் எடை 78 கிலோ, ஆக்ஸிஜன் 1.79 லிட்டர், வகுத்தால் 23. இரண்டாவது தடவை 70 கிலோ, 2.03 லிட்டர், வகுத்தால் 29.

ஆறு புள்ளி ஏறியதில் எடை குறைந்ததால் வந்தது எவ்வளவு? பழைய 1.79 லிட்டரை 70-ஆல் வகுத்துப் பாருங்கள், 25.6 வரும். அதாவது இதயமும் தசையும் கொஞ்சம்கூடத் தேறாமல் இருந்திருந்தாலும் இரண்டரைப் புள்ளி ஏறியிருக்கும். மீதி மூன்றரைப் புள்ளி உடற்பயிற்சி சம்பாதித்துக் கொடுத்தது. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூடியிருக்கிறது, வரும் ஆக்ஸிஜனை வாங்கி எரிக்கும் திறன் கால் தசைகளில் கூடியிருக்கிறது.

என் நாத்தனாரும் என்னோடு இந்த டெஸ்ட்டை எடுத்தார். அவர் ராத்திரி சாப்பாட்டை அடியோடு நிறுத்தி 80 கிலோவிலிருந்து 70-க்கு வந்தவர், நடைப்பயிற்சி கிடையாது. அவருடைய எண் 21.3-லிருந்து 22.6 ஆனது. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் முன்னேற்றம் என்று பச்சை அம்புக்குறி. லிட்டர் கணக்கைத் தேடிப் பார்த்தால் 1.70 இருந்தது 1.58 ஆகியிருந்தது. எடையோடு தசையும் போயிருக்கிறது என்று அங்கிருந்த டாக்டர் விளக்கினார். அந்தப் பச்சை அம்பை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் அவர் அதே வழியில் தொடர்ந்திருப்பார். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. முதல் பக்கத்தில் கிலோ கணக்கும் லிட்டர் கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்து அட்டவணையில் லிட்டரை ஒளித்து வைப்பது சரியில்லை. அங்கேயே சொல்லிவிட்டும் வந்தேன்.

இன்னொரு குறை, பெண்களுக்கு இ.சி.ஜி. ஒட்டும் இடத்தில் இருந்தது ஒரு மெல்லிய திரைதான். கதவு உள்ள அறை வேண்டும்.

ரிப்போர்ட்டில் எனக்கு அன்றாடம் பயன்படுவது வேறொரு எண். மூச்சு திடீரென்று வேகமெடுக்கும் புள்ளியில் நாடித்துடிப்பு எவ்வளவு என்று குறித்திருந்தார்கள், எனக்கு 128. நாகேஸ்வர ராவ் பூங்காவில் பெரும்பாலான நாட்கள் அதற்குச் சற்றுக் கீழேயே நடந்தேன். வாரத்தில் சில நாள் மட்டும் நான்கு நிமிஷம் மூச்சு வாங்க வேக நடை, மூன்று நிமிஷம் நிதானம் என்று மாற்றி மாற்றிச் செய்தேன். சாப்பாட்டில் சாதத்தைக் குறைத்து சுண்டலும் முட்டையும் சேர்த்தேன். நாத்தனாரும் இப்போது என்னோடு நடக்க வருகிறார், ராத்திரியில் சாப்பிடவும் செய்கிறார்.

போகிறவர்கள் இரண்டாவது தடவையும் அதே முறையில்தான் டெஸ்ட் வைக்க வேண்டும் என்று கேளுங்கள். முறை மாறினால் ஒப்பிட முடியாது. அன்றைக்குக் காபி வேண்டாம், பழகிய ஷூவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

செலவு அதிகம் என்று தோன்றினால் மைதானம் இருக்கவே இருக்கிறது. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-ல் வெளியிட்ட 12 நிமிஷ ஓட்டம் போதும். ஓடியோ நடந்தோ கடந்த தூரத்தை மீட்டரில் எடுத்து, 504.9-ஐக் கழித்து, 44.73-ஆல் வகுக்க வேண்டும். 1,800 மீட்டர் போனால் 29 வரும். அதை எடையால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கணக்கும் தோராயமாகக் கிடைத்துவிடும். நெஞ்சுவலி, பிரஷர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம், அவர்களுக்கு இ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்கும் அந்த டிரெட்மில்தான் சரி.