பாசிப்பயறு 'முட்டை': ஒரு மாதம் பயன்படுத்திய பிறகு

பாசிப்பயற்றிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தைக் கொண்டு, முட்டைக்கு மாற்றாகத் தயாரித்துக் குப்பியில் அடைத்து விற்கும் திரவத்தை ஒரு மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன். முட்டையின் சுவை எனக்குப் பிடிக்காமல் போகவில்லை; முட்டைக்கோழிகளின் நிலை குறித்த ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் மனம் உறுத்தியது.

கூண்டில்லா முட்டைக்கு மாறினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். கூண்டை ஒழிப்பது பெரிய முன்னேற்றம்தான்: 2012 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்த பழைய வகைக் கூண்டில் ஒரு கோழிக்கு விதிக்கப்பட்டிருந்த குறைந்தபட்ச இடம் 550 சதுர செ.மீ., அதாவது ஓர் ஏ4 தாளைவிடவும் குறைவு. ஆனால் காட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டஜன் முட்டையிட, அதன் வழிவந்த இன்றைய பண்ணைக்கோழி 300 வரை இடுகிறது. ஓட்டுக்கு வேண்டிய கால்சியத்தில் ஒரு பகுதியைத் தன் எலும்பிலிருந்தே எடுக்கிறது. நெஞ்செலும்பு முறிவு கூண்டில்லாப் பண்ணைகளிலும் பரவலாகக் காணப்படுகிறது. முட்டையிடாத, இறைச்சிக்கும் இலாபம் தராத சேவல் குஞ்சுகள் பொரித்த நாளிலேயே கொல்லப்படுவதும் கூண்டோடு தொடர்புடையதன்று. ஜெர்மனி அதை 2022 முதல் தடை செய்திருக்கிறது, பெரும்பாலான நாடுகளில் இன்னும் தொடர்கிறது.

இனி சுவைக்கு வருகிறேன். குப்பியை நன்றாகக் குலுக்கி, எண்ணெய் தடவிய கல்லில் ஊற்றினால் இளமஞ்சளாகப் பரவி, ஓரம் முதலில் வெளுத்துக் கெட்டிப்பட, நடுப்பகுதி நெடுநேரம் ஈரமாகவே இருக்கிறது. சூட்டில் புரதம் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுவதால்தான் முட்டையும் உறைகிறது, இதுவும் உறைகிறது; ஆனால் இதற்குப் பொறுமை வேண்டும். முதல் இரண்டு ஆம்லெட்டுகளை அவசரப்பட்டுத் திருப்பிக் கிழித்துவிட்டேன். தீயைக் குறைத்து மூடி போட்டு வேகவிட்ட மூன்றாவது, மெத்தென்று முழுதாக வந்தது. வெங்காயமும் மிளகும் சேர்த்துக் கிளறி எடுத்தால் வேறுபாடே தெரியவில்லை. வெறும் உப்போடு சாப்பிட்டால் பயற்றின் பச்சை வாசம் நாவில் மெலிதாகத் தங்குகிறது.

முட்டை செய்யும் எல்லா வேலையையும் இது செய்யும் என்று குப்பியின் மீது அச்சிட்டிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வெள்ளைக்கருவைப் போல அடித்துப் பார்த்தேன், நுரை நிற்கவில்லை. அதை நம்பிச் செய்த கேக் அடை போல அமுங்கிவிட்டது. அவித்த முட்டைக்கு இது மாற்றாகவே முடியாது. கொலஸ்ட்ரால் இல்லை, ஆனால் முட்டையில் கிடைக்கும் பி12 பயற்றில் கிடையாது என்பதால், தனியே சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்க வேண்டும். நான் வாங்கியதில் சேர்க்கவில்லை.

ஆம்லெட்டுக்கு இனி இதையே வாங்குவேன். கேக்குக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த நீரை அடித்தால் நுரை நிற்கிறது என்கிறார்கள். அடுத்து அதைத்தான் செய்து பார்க்கப் போகிறேன்.