மாடித் தொட்டியில் கோடைக்கு எது: வெண்டையா, குண்டுமல்லியா?

மாடியில் இரண்டு தொட்டிகளுக்குத்தான் இடம் என்றால் எதை வைப்பது என்ற கேள்வி எழும். வெயிலை இரண்டுமே விரும்புகின்றன. மாசியில் ஊன்றிய வெண்டை ஏறத்தாழ 45 நாளில் காய்க்கத் தொடங்கி, பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்க வைக்கிறது. நான்கு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால், நுனி ஒடியாமல் வளையும் அளவுக்குக் காய் முற்றிக் கறிக்கு உதவாது. இளமஞ்சள் இதழும் அடியில் கருஞ்சிவப்புமாகக் காலையில் விரிந்து அன்றே வாடும் அதன் பூவும் அழகுதான். யாரும் தலையில் சூடுவதில்லை, அவ்வளவே.

மல்லிகைக்குப் பொறுமை வேண்டும். நட்ட முதல் ஆண்டில் அதிகம் எதிர்பார்க்க இயலாது. ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளில் கார்த்திகை, மார்கழி வாக்கில் கவாத்து செய்துவிட்டால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், பங்குனி முதல் ஆனி வரை மொட்டு விட்டுக்கொண்டே இருக்கும். பருத்து வெளுத்த மொட்டுகளைக் காலையிலேயே பறித்துத் தொடுத்து ஈரத்துணியில் மூடி வைத்தால், அந்தியில் அவை விரியும்போது வீடே மணக்கும். வெண்டையோ மூன்று, நான்கு மாதத்தில் ஓய்ந்துவிடும். இடையில் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் தாக்கினால் செடியைப் பிடுங்கிவிடுவதே நல்லது. இரண்டு தொட்டி வெண்டை ஒரு வேளைப் பொரியலுக்கும் போதாது என்பதால் என் தேர்வு மல்லிகையே. ஏழெட்டுத் தொட்டிகளுக்கு இடமுள்ளவர்கள் தயங்காமல் வெண்டை ஊன்றலாம்.